அவலோகிதம்: வெண்பா எழுதுகிறவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய யாப்புக் கருவி

வெண்பா எழுதிப் பழக எதில் ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் இரண்டு சொல்வேன். தினமும் சில குறள்களை வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் அவலோகிதம் என்ற இணையக் கருவியை உலாவியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது பற்றித் தமிழில் விரிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை, அதனால்தான் இந்த விமர்சனம். நான் இதை நிறைய நாளாகப் பயன்படுத்துகிறேன், என் வெண்பாக்களில் பெரும்பாலானவை இதன் வழியாகத்தான் வெளியே போகின்றன.

செய்தவர் வினோத் ராஜன். இந்திய எழுத்துமுறைகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் அக்ஷரமுகாவை உருவாக்கியவரும் அவர்தான். அகத்தியர் போதிசத்துவரான அவலோகிதரிடம்தான் தமிழ் கேட்டார் என்று 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் சொல்லும். புத்தமித்திரனார் எழுதிய பௌத்தச் சார்புள்ள இலக்கண நூல் அது. யாப்பு சொல்லிக்கொடுக்கும் ஒரு கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கட்டணம் கிடையாது.

வேலை செய்யும் விதம் எளிது. பாட்டைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தால் எழுத்து, எழுத்துகள் சேர்ந்த அசை, அசைகள் சேர்ந்த சீர், சீர்கள் இணையும் தளை, அடி, தொடை என்று ஒவ்வொரு படியாகப் பிரித்துக் காட்டும். கடைசியில் இது வெண்பாவா, ஆசிரியப்பாவா, கலிப்பாவா, வஞ்சிப்பாவா, அல்லது அவற்றின் இனங்களான துறை, தாழிசை, விருத்தத்தில் ஒன்றா என்று தீர்ப்பும் சொல்லும். பள்ளிக்கூடத்தில் "அலகிட்டு வாய்பாடு எழுதுக" என்று ஒரு கேள்வி வருமே, அந்த வேலையை முழுப் பாட்டுக்கும் ஒரே நொடியில் செய்கிறது. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் வெண்பா ஏன் கடினம் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெண்பா புலவர்க்குப் புலி என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. விதிகள் என்னவோ ஒரு கைக்குள் அடங்குகிறவைதான். கடைசி அடி மூன்று சீர், மற்ற அடிகள் நான்கு சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். ஈரசைச் சீரும் (நேரசையில் முடிந்தால் மா, நிரையசையில் முடிந்தால் விளம்), மூன்று அசையில் நேரில் முடியும் காய்ச்சீரும் வரலாம், நிரையில் முடியும் கனிச்சீர் வரவே கூடாது. நேர், நிரை பிரிப்பதைக் கடைசியில் சொல்கிறேன். இவற்றோடு தளை, அதாவது ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் இணையும் விதம். மாச்சீருக்குப் பின் நிரையில் தொடங்கும் சீர், விளச்சீருக்குப் பின் நேரில் தொடங்கும் சீர், காய்ச்சீருக்குப் பின்னும் நேர். அவ்வளவுதான். ஆனால் தளை ஒரு சங்கிலி. நடுவில் ஒரு சொல்லை மாற்றினால் அது தனக்கு முன்னால் இருப்பதோடும் பின்னால் வருவதோடும் மறுபடி ஒத்துப்போக வேண்டும், அதைச் சரிசெய்யப் போனால் எதுகை போய்விடும், எதுகையைப் பிடித்தால் பொருள் கோணும். நான்கு அடி நேரிசை வெண்பா ஒன்றில் 15 சீர்கள், அவற்றுக்கிடையே 14 கண்ணிகள். ஒவ்வொரு முறையும் விரல் விட்டு அலகிட்டுக்கொண்டே இருந்தால் எழுத நினைத்தது மறந்தே போகும்.

ஒரு சின்னக் குறள் வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள்:

காலையில் பெய்யும் மழைக்குக் கவசமெனச்
சாலையில் தேநீர்க் கடை.

இதில் தளை சரி. "காலையில்" கூவிளம், அடுத்து "பெய்" என்று நேரசை வருகிறது. இப்போது "பெய்யும்" பிடிக்காமல் "விழுந்த" என்று போட்டால் பொருளில் ஒன்றும் கெடாது, காதிலும் பெரிதாக உறுத்தாது, ஆனால் விளச்சீருக்குப் பின் நிரை வந்து நிரையொன்றாசிரியத்தளை ஆகிவிடும். தளை தட்டிவிட்டது. புதிதாக எழுதுகிறவருக்கு இது கண்ணில் படவே படாது. கருவியில் கொடுத்தால் ஒவ்வொரு சீருக்கும் இடையே என்ன தளை என்று எழுதியே காட்டுகிறது, வெண்பாவுக்குரிய வெண்டளைகளுக்கு நடுவே ஆசிரியத்தளை ஒன்று நிற்பது தெரிந்துவிடும். குறை எங்கே என்று இடம் சுட்டிக் காட்டுவது மிகப் பெரிய உதவி. ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் செய்வதும் இதுதான், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு எந்த ஆசிரியர் உட்கார்ந்திருப்பார்?

இப்படிப் பார்த்துப் பார்த்துத் திருத்தும்போது சில விஷயங்கள் தானாகப் பிடிபடும். விளச்சீரும் காய்ச்சீரும் அடுத்து நேரைத்தான் கேட்கின்றன, ஆகவே கூவிளம் இருந்த இடத்தில் கூவிளங்காயை வைத்தால் முன்னும் பின்னும் எதுவும் குலையாது. மாச்சீரை எடுத்துவிட்டு அங்கே விளத்தை வைத்தால் அடுத்த சீரையும் மாற்றத்தான் வேண்டும். இந்த மாற்றுவித்தை தெரிந்துவிட்டால் வெண்பா பாதி வசப்பட்ட மாதிரி. யாப்பு நூலான காரிகையின் உரைகளில் இதைத் தேடினால் இந்த வடிவத்தில் சட்டென்று கிடைக்காது, கையால் மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் வரும். அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையைத் தந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகப்போகின்றன, விதி ஒன்றும் மாறவில்லை, பழகும் வேகம்தான் மாறியிருக்கிறது. காரிகை கற்றுக் கவிபாடுவதை விடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று அலுத்துக்கொண்டவர் கையில் இது இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் முயன்றிருப்பார் என்று நிச்சயமாக நினைக்கிறேன்.

சரி, கவனிக்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். எந்த யாப்புக் கருவியானாலும் நீங்கள் தட்டச்சு செய்த எழுத்தைத்தான் அலகிடும். நீங்கள் மனதில் பாடிய ஓசை அதற்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்த முதல் குறளையே பாருங்கள். "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி" என்று சேர்த்து எழுதினால் புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா என்று ஒழுங்காக வருகிறது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று "எழுத்து எல்லாம்" எனப் பிரித்துப் போட்ட பாடத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் அடியில் ஐந்து சீர் ஆகிவிடும், புளிமாவுக்குப் பின் "எல்" என்று நேர் வந்து தளையும் தட்டும். வள்ளுவருக்கே தளை தட்டுகிறது என்று யாராவது பதற்றத்தோடு சொன்னால் முதலில் அவர் எந்தப் பாடத்தை ஒட்டினார் என்று கேளுங்கள்.

ஆகவே இந்தக் கருவியோடு பழக வேண்டுமானால் புணர்ச்சி தெரிந்தாக வேண்டும். உகரத்தில் முடிகிற சொல்லுக்குப் பின் உயிரெழுத்து வந்தால் எங்கே சேரும், ஒற்று எங்கே மிகும், உடம்படுமெய் எங்கே நுழையும் என்பது கை வராமல் வெண்பா கை வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த புணர்ச்சி விதிகளுக்கு ஒரு நேரடிப் பயன் இருக்கிறது என்று இங்கேதான் தெரிகிறது. "வந்தது என்ன" என்பதும் "வந்ததென்ன" என்பதும் பொருளில் ஒன்று, சீர்க் கணக்கில் வேறு வேறு. ஒரு சொல்லைச் சேர்ப்பதா பிரிப்பதா என்று எழுதுகிறவர் முடிவுசெய்தாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. அதுதான் வகையுளி, அதாவது சொல்லை நடுவில் வெட்டிப் பாதியை ஒரு சீரிலும் மீதியை அடுத்த சீரிலும் வைப்பது. பழைய பாட்டிலும் இருக்கிறது. "சாந்துணையும் கல்லாத வாறு" என்ற குறளில் "கல்லாதவாறு" இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறது. ஆனால் அங்கே படிக்கும்போது வாய் தடுக்குவதில்லை, பிரிந்த இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியே பொருள் இருக்கிறது. கருவி "சரி" என்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே இடைவெளியை இங்கும் அங்கும் தள்ளிப் பார்த்து, ஏதோ ஓரிடத்தில் கணக்குக் கூடியதும் நிறுத்திக்கொள்கிற பழக்கம் புதியவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். அப்படிச் செய்த வெண்பாவை உரக்கப் படித்தால் மூச்சு தப்பான இடத்தில் நிற்கும், கேட்பவருக்கு என்ன சொல் என்றே புரியாது. இடைவெளியைத் தள்ளித் தள்ளித் தளையைப் பிடிக்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லையே மாற்றுங்கள். தமிழில் ஒரு பொருளுக்கு நாலைந்து சொல் இருப்பது இதற்கெல்லாம்தான்.

அடுத்து நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அடைசல், அதாவது இடம் நிரப்ப மட்டும் வருகிற சொல். இந்தக் குறள் வெண்பாவைப் பாருங்கள்:

நல்ல மனிதர்கள் நாட்டில் இருந்தாலே
எல்லாம் சிறப்பாய் வரும்.

உதாரணத்துக்காக நானே கட்டியது. தேமா, புளிமாங்காய், தேமா, புளிமாங்காய், தேமா, புளிமா, மலர். ஒரு தளை பிசகவில்லை. நல்ல, எல்லாம் என்று எதுகை இருக்கிறது, நல்ல, நாட்டில் என்று மோனையும் இருக்கிறது. எந்தக் கருவியிலும் முழு மதிப்பெண் வாங்கும். ஆனால் இதில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. "நல்ல" என்ற சொல் தேமா வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, வேறு வேலை அதற்கு இல்லை. இணையத்தில் சுற்றுகிற வெண்பாக்களில் "நல்ல", "அந்த", "இங்கு", "என்றும்", "தானே" எல்லாம் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இலக்கணம் தேறியதும் எழுதி முடித்தாகிவிட்டது என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

நான் எழுதிய ஒரு நேரிசை வெண்பாவை வைத்தே இதைச் சொல்கிறேன்:

மல்லிகை விற்கும் மதுரைத் தெருமுனையில்
சொல்லும் விலைக்குமேல் தூக்கலாய்ச் - சில்லறைக்குப்
பாட்டி முழம்போடப் பக்கத்தில் நின்றமழை
கேட்டதாம் பூவின் விலை.

இரண்டாம் அடியில் கோட்டுக்குப் பின் வரும் தனிச்சொல் முதலில் "மெல்லவே" என்று இருந்தது. கூவிளம், அடுத்த அடி "பாட்" என்று நேரில் தொடங்குகிறது, மல்லிகைக்கும் சொல்லுக்கும் எதுகை பொருந்துகிறது, கருவியும் வெண்பா என்றே சொன்னது. ஆனால் பாட்டி மெல்ல முழம் போட்டால் என்ன, வேகமாகப் போட்டால் என்ன? அந்தச் சொல் எதுகைக்காக மட்டும் வந்தது என்பது இரண்டாம் முறை படித்தபோதே தெரிந்தது. "சில்லறைக்கு" கிடைத்ததும் பாட்டில் ஒரு பொருள் கூடியது, கையில் இருக்கிற சில்லறைக்கே தாராளமாக அளந்து போடுகிறாள் என்று. கூவிளம் போய்க் கூவிளங்காய் வந்தது. முன்னே சொன்ன மாதிரி இரண்டுக்கும் பின் நேர்தான், ஆகவே கீழே எதையும் தொட வேண்டியிருக்கவில்லை, போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். "நின்றமழை" என்பது பெய்து ஓய்ந்த மழையாகவும் இருக்கலாம், பக்கத்தில் ஆள் மாதிரி நிற்கிற மழையாகவும் இருக்கலாம். அந்தச் சிலேடை எந்த வாய்பாட்டிலும் வராது. நின்/றம/ழை, கூவிளங்காய், அவ்வளவுதான் அங்கே தெரியும். "மெல்லவே" பாட்டுக்கும் "சில்லறைக்கு" பாட்டுக்கும் ஒரே தீர்ப்புதான் கிடைத்தது. அதனால் இதை எழுத்துப்பிழை பார்ப்பது போல ஒரு படியாக வைத்துக்கொண்டு, அது முடிந்த பிறகு பாட்டை வேறொருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

தொடையைப் பிரித்துக் காட்டும் பகுதி பலரும் கவனிக்காமல் விடுவது. மோனை என்றால் அதே எழுத்துத்தான் திரும்ப வர வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இன எழுத்துகளும் மோனையாகும். சகரத்துக்குத் தகரம் இனம், உ, ஊ, ஒ, ஓ நான்கும் ஓரினம், ஆகவே மேலே இரண்டாம் அடியில் "சொல்லும்" என்பதற்குத் "தூக்கலாய்" மோனைதான். இந்த இனக்கணக்குத் தெரிந்துவிட்டால் சொல் தேடுவதில் கட்டு கொஞ்சம் தளரும். எதுகையில் முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், நெடிலுக்கு நெடில், குறிலுக்குக் குறில். காலைக்குச் சாலை பொருந்தும், மலை பொருந்தாது.

வெண்பாவோடு நிறுத்திவிடாமல் ஆசிரியப்பாவையும் இதில் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்வேன். வெண்பாவில் மாவும் விளமும் வரும் இடங்களில் அசை மாறி மாறி வருகிறது, நேரில் முடிந்தால் அடுத்தது நிரை, நிரையில் முடிந்தால் அடுத்தது நேர். ஆசிரியப்பாவில் நேருக்கு நேரும் நிரைக்கு நிரையும் ஒன்றி வருவது இயல்பு. வெண்பாவின் செப்பலோசை, ஆசிரியப்பாவின் அகவலோசை என்று பாடப்புத்தகத்தில் வெறும் பெயராகப் படித்தவை இரண்டு அலகீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகின்றன. அதற்கப்புறம் வாய்விட்டுப் படித்தால் காதுக்கும் தெரியும். எனக்கு இந்தக் கருவி கொடுத்ததிலேயே பெரிய விஷயம் இதுதான் என்பேன், தப்பைப் பிடிப்பதை விடவும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் "ஒரு வெண்பா எழுதிக் கொடு" என்று கேட்டு வாங்கி அப்படியே பகிர்கிறவர்கள் தயவுசெய்து அதை ஒருமுறை இதில் போட்டுப் பாருங்கள். நான் பார்த்த வரையில் பல இடங்களில் தளை தட்டுகிறது, கனிச்சீர் நடுவில் வருகிறது, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு எதிலும் சேராமல் தொங்குகிறது. நான்கு வரி, நடுவில் ஒரு கோடு இருந்தால் வெண்பா ஆகிவிடாது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் இப்படிக் கொடுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் ஒரு வாரம் மெனக்கெட்டால் அவர்களே எழுதிவிடக்கூடியது இது.

யாருக்கெல்லாம் இது உதவும்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிச்சயம். என் அக்கா மகள் குறளை முதலில் தாளில் அலகிட்டுவிட்டு இதில் சரிபார்க்கிறாள், அந்த வரிசையை மாற்ற நாங்கள் விடுவதில்லை. முதலிலேயே விடையைப் பார்த்துவிட்டால் தேர்வறையில் நேர் நிரை பிரிக்கக் கை வராது. தமிழாசிரியர்கள் வகுப்பில் திரையில் போட்டு நடத்தலாம், பிள்ளைகள் சொல்கிற சொல்லை அங்கேயே மாற்றி மாற்றிக் காட்டலாம். ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்லும் குழுக்களில் இருப்பவர்கள் அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொண்டால் குழுவை நடத்துபவரின் நேரம் தளை திருத்துவதில் போகாமல் கவிதை பற்றிப் பேசுவதில் போகும்.

யாப்பே தெரியாதவர் நேராக இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. திரையில் வருவதெல்லாம் இலக்கணப் பெயர்கள், இயற்சீர் வெண்டளை, வெண்சீர் வெண்டளை, கலித்தளை என்று வரும்போது அவை என்ன என்று தெரியாவிட்டால் பயந்து மூடிவிடுவார்கள். முதலில் குறில், நெடில், ஒற்று வைத்து நேர் நிரை பிரிக்கப் பழகுங்கள். தனிக்குறிலோ தனி நெடிலோ வந்தால் நேர். இரண்டு குறில் சேர்ந்தாலும், குறிலும் நெடிலும் சேர்ந்தாலும் நிரை. பின்னால் ஒற்று வந்தால் அதையும் அந்த அசையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரத்தைக் குறிலாகக் கொள்ளும் வழக்கம் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், "காலையில்" கூவிளமானது அதனால்தான். பிறகு ஈரசை வாய்பாடு நான்கு, காய் நான்கு. இவ்வளவு தெரிந்தால் போதும், ஒரு சனி ஞாயிறு வேலை. அதற்குப் பிறகு குறள் வெண்பாவில் ஆரம்பியுங்கள். ஏழே சீர், தனிச்சொல் தொல்லை இல்லை. நேரிசைக்கு அவசரமே வேண்டாம்.